இன்றைக்கு மருந்து இல்லை

என் ஓரகத்திக்கு எங்கள் வீட்டில் மைக்கு என்று பெயர். வைத்தவன் என் மகன். சித்தி ஏதோ ஓர் அறையில் மைக் முன்னால் நின்றுகொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள், யாரையோ திட்டுகிறாள், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு அவள் மைக்கு சித்தி. பிறகு பெரியவர்கள் வாயிலும் அதுவே நிலைத்துவிட்டது. வெளிநாட்டுத் தொடர்களுக்குக் குரல் கொடுப்பது அவள் வேலை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். நான் மூத்த மருமகள், அவள் இளையவள்.

எங்களுக்குள் அவ்வளவாக ஒத்துப்போனதில்லை. ஒரு காலத்தில் அவளுக்குக் கார் கற்றுக்கொடுக்கப் போனேன். அவள் வண்டியைக் கொண்டுபோய் கேட் தூணில் இடித்தாள். நான் அவள் புருஷன் முன்னாலேயே வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். அதோடு பாடமும் நின்றது, பேச்சும் நின்றது. வீட்டு விசேஷங்களில் "வாங்கக்கா", "வந்தேம்மா" என்ற அளவோடு சரி. ஒரு தூணுக்காக இரண்டு பெண்கள் வருஷக்கணக்கில் பேசாமல் இருக்க முடியுமா என்றால், முடியும். நாங்கள் இருந்தோம்.

அப்படிப்பட்டவளுக்கு மார்பில் கட்டி வந்தது. பரிசோதனையில் புற்றுநோய் என்று ஆனது. என் கொழுந்தன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஓடி வந்தான், ஆபரேஷன் முடியும்வரை பக்கத்தில் இருந்தான், லீவு தீர்ந்ததும் கப்பல் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. போகும்போது என்னிடம், "அண்ணி, கீமோவுக்கு மட்டும் நீங்க கூட்டிட்டுப் போயிடுங்க. டாக்ஸியில தனியா அனுப்ப மனசு வரலை" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் என்ன சொல்ல முடியும்? தூணை நினைத்துக்கொண்டா நிற்க முடியும்?

என்னிடம் இருந்தது பயிற்சி கார்தான். மேலே மஞ்சள் பலகை, பின்னால் பெரிய எழுத்தில் 'கற்றுக்கொள்பவர்', பக்கத்து சீட்டின் காலடியில் எனக்கென்று தனி பிரேக். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு மைக்கு ஏறாமல் நின்றாள்.

"இதுலயா போறோம்? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"ஒன்னும் நினைக்க மாட்டாங்க. பயந்து வழி விடுவாங்க."

சிரிப்பு வந்தும் அவள் சிரிக்கவில்லை. ஆனால் ஏறினாள்.

புற்றுநோய் டாக்டர் நடுத்தர வயதுப் பெண். அவசரப்படாமல் பேசுவார். முதலில் சிவப்பு நிற மருந்து சில தடவை, அதற்குப் பிறகு இன்னொரு வகை மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வருஷம் பூராவும் என்றார். "உங்களுக்கு வந்திருக்கிற வகைக்கு இந்த ரெண்டாவது மருந்துதான் ரொம்ப முக்கியம். ஆனா ரெண்டு மருந்துமே இதயத்துக்குக் கொஞ்சம் தொந்தரவு தரலாம். அதனாலதான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எக்கோன்னு இதயத்தை ஸ்கேன் எடுக்கிறோம், நடுநடுவுலயும் எடுப்போம். மூச்சு வாங்கினா, கால் வீங்கினா, மல்லாந்து படுத்தா மூச்சு முட்டினா உடனே சொல்லணும். தாங்கிக்கலாம்னு இருக்கக் கூடாது."

முதல் எக்கோவில் இதயம் ரத்தத்தை இறைக்கும் அளவு அறுபத்து மூன்று சதவீதம் என்று வந்தது. நூறுக்கு அறுபத்து மூன்றுதானா என்று கேட்டேன். யாருக்குமே நூறு வராது, அறுபதுக்கு மேல் இருந்தால் நல்ல இதயம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மைக்கு சொன்னாள். "கேட்டீங்களாக்கா? எனக்கு நல்ல மனசுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

"இதயம்னுதான் சொன்னாங்க. மனசை இன்னும் ஸ்கேன் பண்ணலை."

அன்றைக்குத்தான், பல வருஷங்களுக்குப் பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

சிவப்பு மருந்து அவளைப் புரட்டிப் போட்டது. முடி கொத்துக் கொத்தாகப் போனது. வாயெல்லாம் புண். காரில் வரும்போது நான் ஒரு கையால் ஸ்டியரிங்கும் மறு கையால் அவள் வாந்திக்கு நீட்டிய பிளாஸ்டிக் பையும் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அப்படி ஓட்டினால் இறக்கி விட்டுவிடுவேன். இருந்தும் தெம்பு வந்த நாளெல்லாம் அவள் ஒலிப்பதிவுக்குப் போனாள். தலையில் துணித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, யாரோ ஒரு வெள்ளைக்கார மாமியாருக்காக மருமகளை விளாசித் தள்ளினாள். "என்னைத் திட்டணும்னு வெச்சிருந்ததை எல்லாம் அங்க கொட்டறியா?" என்று கேட்டால், "உங்களுக்கெல்லாம் அது பத்தாதுக்கா" என்பாள்.

இரண்டாவது மருந்து அந்த அளவுக்குப் படுத்தவில்லை. வாந்தி நின்றது. தலையில் பூனை மயிர்போல முடி எட்டிப் பார்த்தது. நடுவில் எடுத்த எக்கோவிலும் பெரிய மாற்றம் இல்லை. மலையைத் தாண்டிவிட்டோம், இனி இறக்கம்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அதற்குப் பிறகுதான் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் என் கண்ணில் பட ஆரம்பித்தன.

ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறும்போது நடுவில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். ஒரு நாள் வார் இல்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள், அன்றைக்கும் குனிந்தாள். வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்தச் சொன்னாள். அங்கே நிறுத்தக்கூடாது என்று பலகை இருக்கிறது. பாடம் நடத்துகிறவளே பலகைக்குக் கீழே நிறுத்தினால் எப்படி என்றேன். "ஒரு நிமிஷம்தானே" என்றாள். ஒருமுறை அவள் வீட்டுக்குச் சூப் கொண்டுபோனபோது படுக்கையைப் பார்த்தேன். அவள் தலையணை, கொழுந்தன் தலையணை, அதற்கு மேல் சோபாவிலிருந்து எடுத்த மெத்தைத் திண்டு என்று மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. உட்கார்ந்துகொண்டே தூங்குகிறாளா என்ன?

"முதுகு வலி" என்றாள் நான் கேட்கும் முன்பே.

கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வண்டியில் உரசல் போட்டவர்கள்தான் நான் இறங்கிப் பார்ப்பதற்கு முன்பே "அது பழைய கீறல்" என்பார்கள்.

அந்த வாரம் அவளைக் கூட்டிவர ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார், அந்தப் பக்கம் மைக்கு. திரையில் அந்த மாமியார் வாயை அசைத்தாள். நீளமான வசனம், ஒரே மூச்சில் போக வேண்டியது. மைக்கு ஆரம்பித்தாள். பாதியில் குரல் இற்றுப்போனது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் அதே இடம். மூன்றாவது தடவை அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது.

"பரவாயில்லைங்க, ரெண்டா பிரிச்சு எடுத்து ஒட்டிக்கலாம்" என்று ஒலிப்பதிவாளர் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு மைக்கில் சொன்னார். பிறகு பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார். "மருந்து களைப்புன்னு சொல்றாங்க. கொஞ்ச நாளா எல்லாத்தையும் பிரிச்சுத்தான் எடுக்கறோம். நிஜமாவே அதுதானா?"

நான் அந்த மூன்று தலையணைகளை நினைத்துக்கொண்டேன்.

காரில் ஏறியதும் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்தேன். "எத்தனை நாளா?"

"என்னது?"

"மைக்கு, என்கிட்ட நடிக்காதே. காலைக் காட்டு."

காட்டவில்லை. நானே குனிந்து சாக்ஸை இறக்கிப் பார்த்தேன். சாக்ஸ் இருந்த இடத்தில் கயிறு கட்டியதுபோலப் பள்ளம். அதற்கு மேலும் கீழும் கால் வீங்கி, கணுக்கால் எலும்பே காணோம்.

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். கீமோ அறையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் எப்போதும் ஒரு பெண் வருவாளாம். சளசளவென்று பேசிக்கொண்டே மருந்து ஏற்றிக்கொள்வாளாம். "ஒரு நாள் மூச்சு வாங்குதுன்னு அவங்க டாக்டர்கிட்ட சொன்னாங்க. இதயம் பலவீனமாயிடுச்சுன்னு மருந்தை நிறுத்திட்டாங்க. அப்புறம் அவங்க வரவே இல்லைக்கா. சிஸ்டரைக் கேட்டா, பக்கத்து சீட் கதையெல்லாம் கேட்காதீங்கன்னாங்க." திரும்பி என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஐஸ்போல இருந்தன. "இந்த மருந்துதான் எனக்கு உயிர். இதை நிறுத்தினா அது திரும்ப வந்துடும். மூச்சு வாங்கினா வாங்கிட்டுப் போகட்டும். வருஷம் முடியற வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு ஓட்டிடறேன். நீங்க டாக்டர்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது."

"மூச்சு விட முடியாம இருக்கறது நீ. என்னை மூச்சு விடாதேங்கற."

"விளையாடாதீங்கக்கா. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணவில்லை. ஆனால் "சரி, சரி, அழாதே" என்றேன். அவள் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மருந்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. சொன்னால் மருந்து நிற்கும். நின்ற பிறகு நோய் திரும்பினால் அந்தப் பழி என் தலையில் விழும். சொல்லாமல் விட்டு இதயம் நின்றுபோனால் அதுவும் என் தலையில். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் குழி. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்து, "டாக்டரே கண்டுபிடிச்சுட்டா நல்லது" என்றார். ஆண்பிள்ளை யோசனை!

அந்த நாளும் வந்தது. டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். மூச்சு வாங்குதா, கால் வீங்குதா, நெஞ்சு படபடங்குதா. மைக்கு பேண்ட்டும் ஷூவுமாக வந்திருந்தாள், கால் தெரியாது. "இல்லை டாக்டர், ரொம்ப நல்லா இருக்கேன்" என்றாள். நானே நம்பியிருப்பேன். அத்தனை தெளிவு, அத்தனை மலர்ச்சி. குரலை விற்றுப் பிழைக்கிறவளுக்கு ஒரு பொய் என்ன பெரிய பாரம்? டாக்டர் தலையசைத்துவிட்டு, அடுத்த எக்கோவைத்தான் சீக்கிரம் எடுக்கப்போகிறோமே, இன்றைக்கு மருந்து ஏற்றிவிடலாம் என்று எழுதப் பேனாவை எடுத்தார்.

"மூணு தலகாணி வெச்சுப் படுக்கறா டாக்டர்."

சொன்னது நான்தான். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. எதிரே குழந்தை ஓடி வந்தால் யோசித்துவிட்டா பிரேக்கை மிதிக்கிறோம்?

மைக்கு என்னைப் பார்த்தாள். தூணில் இடித்த அன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து, அவளைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, ஷூவைக் கழற்றி, கால் எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. மூவரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னிக்கு மருந்து இல்லை" என்றார் டாக்டர். "முதல்ல எக்கோ எடுத்துட்டு வாங்க."

மதியத்துக்குள் எக்கோ ரிப்போர்ட் வந்துவிட்டது. நாற்பத்து நான்கு. டாக்டர் கோபப்படவில்லை. மருந்தைத் தற்காலிகமாக நிறுத்துகிறோம், இதய டாக்டரைப் பாருங்கள், அவர் மாத்திரை கொடுப்பார், சில வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று நிதானமாகச் சொன்னார். "பெரும்பாலும் இது சரியாகும். ஆனா உறுதி சொல்ல மாட்டேன்." மைக்குவின் காதில் 'நிறுத்துகிறோம்' என்பதற்குப் பிறகு எதுவும் ஏறவில்லை.

திரும்பும்போது அவள் பின் சீட்டில் ஏறினாள். சிக்னலில் நின்றபோது சொன்னாள்.

"அடுத்தவங்க வண்டிக்குப் பிரேக் போடறதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சு."

"மைக்கு, இதைக் கேளு..."

"பேசாதீங்க. அன்னிக்கு அவர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தினீங்க. இன்னிக்கு என் உயிர்ல கை வெச்சுட்டீங்க. நல்லா இருங்க."

வீட்டு வாசலில் இறங்கினாள். கதவைச் சாத்தவில்லை. நான் இறங்கிப்போய்ச் சாத்தினேன்.

இதய டாக்டரிடம் அவள் தனியாக டாக்ஸியில் போனாள். நான் போன் செய்தால் எடுக்கவில்லை. கொழுந்தன் கப்பலிலிருந்து கூப்பிட்டான். லைன் விட்டு விட்டு வந்தது. "அண்ணி, அவகிட்ட பேசினேன். அழுதுட்டே இருக்கா. நீங்க... முதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி." எனக்கு அதுவே போதுமாக இருந்தது. என் வீட்டுக்காரர் நான் செய்தது சரிதான் என்றார். சொல்லிவிட்டு, "ஆனா, ஒரு வாரம் பொறுத்திருக்கலாமோ?" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த 'ஆனா' என்னைத் தின்றது.

வகுப்பில் புத்தி நிற்கவில்லை. ஒரு மாணவி ரிவர்ஸ் எடுக்கிறாள், நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லை காட்ட வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகள் எல்லாம் சக்கரத்துக்கு அடியில். "மேடம், நீங்க பிரேக் போடுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள் பாவம். உடம்புக்குள் எங்கேயாவது ஒரு துளி நோய் தங்கியிருக்குமோ, மருந்து வராத இந்த வாரங்களில் அது தலை தூக்குமோ என்று நானே டாக்டர்போலக் கணக்குப் போட்டேன். ஆஸ்பத்திரிக்கு போன் செய்து அந்தப் பக்கத்து நாற்காலிப் பெண்ணைப் பற்றி விசாரித்தேன். மற்ற நோயாளிகளைப் பற்றிச் சொல்ல மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை ஒலிப்பதிவாளரிடமிருந்து போன். "மேடம் மயங்கி விழுந்துட்டாங்க. இப்ப முழிச்சுட்டாங்க. அவசரத்துக்குக் கூப்பிட இந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தாங்க. வர முடியுமா?"

வண்டியில் ஒரு மாணவர் இருந்தார். அவரை அப்படியே பக்கத்து சீட்டுக்கு மாறச் சொல்லிவிட்டு நான் ஓட்டினேன். எப்படி ஓட்டினேன் என்று சொன்னால் என் லைசென்ஸ் போய்விடும். அவர் வாசலில் இறங்கி, "இன்னிக்கு நிறையக் கத்துக்கிட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டார்.

மைக்கு தரையில் விரித்த கம்பளத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பப் போனாள், முடியவில்லை, அழுதுவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன ஆச்சு?"

"எழுந்து நின்னேன். இருட்டிட்டு வந்துச்சு."

"மாத்திரை போடறியா?"

"போடறேன்."

"ஒழுங்காப் போடறியா?"

சின்னப் பிள்ளை மாதிரி முணுமுணுத்தாள். "ரெண்டு ரெண்டாப் போட்டேன். சீக்கிரம் சரியாச்சுன்னா சீக்கிரம் மருந்து ஆரம்பிப்பாங்கல்ல."

அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் காரில் ஏற்றினேன். முன் சீட்டில்தான் ஏறினாள்.

இதய டாக்டர் வயதானவர், சுள்ளென்று பேசுகிறவர். ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், மாத்திரை அட்டையை எண்ணினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏம்மா, செடி சீக்கிரம் வளரணும்னு பிடிச்சு இழுப்பியா? ஒரு மாத்திரை இதயத்தோட சுமையை இறக்குது, இன்னொன்னு துடிப்பை நிதானப்படுத்துது. ரெண்டையும் ரெட்டிப்பா போட்டா ரத்த அழுத்தம் படுத்துக்கும், நீயும் படுத்துக்குவே."

"என் மருந்தை நிறுத்திட்டாங்க டாக்டர். நான் வேற என்ன செய்ய?"

அவர் நாற்காலியை அவளுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். "நிறுத்தலைம்மா. நிறுத்தி வெச்சிருக்காங்க. ரெண்டும் வேற வேற. அந்தச் சிவப்பு மருந்து கெடுதல் பண்ணா இதயத் தசையே பாழாகும், திரும்பக் கிடைக்கறது கஷ்டம். இப்ப நீ போட்டுட்டிருந்த மருந்து பெரும்பாலும் அப்படி இல்லை. தசை சோர்ந்து போகும். ஓய்வும் மாத்திரையும் கொடுத்தா நிறையப் பேருக்கு எழுந்து உட்காரும். யாரும் சொல்லாம நீ இன்னும் நாலு தடவை ஏத்திட்டிருந்தா, அப்புறம் புத்துநோய் டாக்டருக்கும் வேலை இருந்திருக்காது, எனக்கும் இருந்திருக்காது." என் பக்கம் கையைக் காட்டினார். "இவங்க யாரு? அக்காவா?"

மைக்கு தலையைக் குனிந்துகொண்டே, "ஓரகத்தி" என்றாள்.

"ஓரகத்தியா!" டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்ப முடியலையே. சரி, மாத்திரை இனிமே இவங்க கையில இருக்கட்டும்."

அப்படித்தான் மாத்திரைகள் என் கைக்கு வந்தன. காலையும் மாலையும் அவள் வீட்டுக்குப் போவேன், கண்ணுக்கு நேரே விழுங்க வைப்பேன். சாப்பாட்டில் உப்பைக் குறைத்தோம். "ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைவிடக் கேவலமாச் சமைக்க ஒருத்தரால முடியும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள். தெருமுனைவரை நடக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் நடந்தோம். மூச்சு வாங்கினால் நிற்கலாம், குனிந்து செருப்பைத் தொட வேண்டியதில்லை என்றேன். ஒரு வாரத்தில் கால் வீக்கம் வடிந்தது. பிறகு சோபாத் திண்டு சோபாவுக்குத் திரும்பியது. நான் அதைப் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் கண் பட்டுவிடுமோ என்று பயம்.

ஆனால் பயம் குறையவில்லை, இடம்தான் மாறிக்கொண்டிருந்தது. பல் துலக்கும்போது அக்குளைத் தடவிப் பார்ப்பாள். ஆபரேஷன் ஆன பக்கம் எங்கேயாவது சுருக்கென்றால் எனக்கு போன் வரும். "அக்கா, வந்துடுச்சோ?" "தெரியலைம்மா, டாக்டரைக் கேட்போம்." இல்லை, வராது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். எதை வைத்துச் சொல்வது?

மறுபடி எக்கோ எடுக்கும் நாளில் என்னை உள்ளே வரச் சொன்னாள். இருட்டடித்த சின்ன அறை. இடது பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் பெண் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, தழும்புக்கு வலிக்காமல் கருவியை மெல்ல நகர்த்தினாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒன்று திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இதற்காகவா இவ்வளவும் என்று இருந்தது எனக்கு. ஒரு கோழிக்குஞ்சு அளவுகூட இல்லை. டெக்னீஷியன் முகத்தையே பார்த்தேன். அவள் நெற்றி சுருங்கினால் என் நெஞ்சு நின்றது, பட்டனைத் தட்டினால் ஓடியது. அதே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தாள்.

"எவ்வளவு?" என்றாள் மைக்கு.

"டாக்டர் சொல்வாங்கம்மா."

"நல்லதா கெட்டதா, அதை மட்டும் சொல்லுங்க."

"துடைச்சுக்கோங்கம்மா" என்று காகிதத்தை நீட்டினாள்.

புற்றுநோய் டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது மைக்கு என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் தடம் விழுந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் போனவர் வெளியே வரவே மாட்டேன் என்கிறார். டோக்கன் பலகையில் எண் மாறாமல் நிற்கிறது.

உள்ளே போனதும் டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார். "ஐம்பத்து ரெண்டு. மருந்தை மறுபடி ஆரம்பிக்கலாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது. இனி எக்கோவை இன்னும் அடிக்கடி எடுப்போம். இடையில விட்டதால நோய்க்கு என்ன ஆகும்னு கேட்பீங்க. இவ்வளவு சின்ன இடைவெளி பெருசாப் பாதிக்காதுன்னுதான் நினைக்கிறோம். ஆனா கண்காணிப்பை விட மாட்டோம்."

மைக்கு சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இது: "ஆரம்பிச்சா திரும்ப இதயம் இறங்குமா டாக்டர்?"

"இறங்கலாம். அதுக்குத்தான் பார்க்கறோம்."

கீமோ அறையில் ஊசி ஏறி, சொட்டுச் சொட்டாக மருந்து இறங்க ஆரம்பித்தது. இத்தனை நாள் அந்த மருந்து வேண்டும் வேண்டும் என்று தவித்தவள், இப்போது ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் புதிதாக யாரோ ஒரு வயதான அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் வந்து வேகத்தைச் சரிபார்த்துவிட்டுப் போனாள்.

"அக்கா."

"ம்."

"நீங்க படுத்துக் கிடந்து, உங்க இடத்துல நான் இருந்திருந்தா, டாக்டர்கிட்ட சொல்லியிருக்க மாட்டேன்."

"தெரியும்."

"நீங்க சொல்ல வேண்டாம்னு சொல்லியிருந்தா, நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். உங்க கோபம் எனக்குப் பயம்."

"எனக்கும் உன் கோபம் பயம்தான். அந்த ஒரு மாசம் எனக்குச் சோறு இறங்கலை."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. "எனக்கும்தான்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருஷ மருந்து, நிறுத்தி வைத்த நாட்களையும் சேர்த்துக்கொண்டு, வருஷத்தைத் தாண்டித்தான் முடிந்தது. நடுவில் ஒரு எக்கோவில் கொஞ்சம் இறங்கியது. மாத்திரையை மாற்றினார்கள், ஏறியது. கடைசி மருந்தன்று கொழுந்தன் ஊரில் இருந்தான், அவனே கூட்டிப்போனான். நான் வகுப்பில் இருந்தேன். இதுவரை எடுத்த ஸ்கேன்களில் நோய் இல்லை. இதய மாத்திரை தொடர்கிறது, எவ்வளவு காலத்துக்கு என்று இதய டாக்டரைக் கேட்டால், "அவசரமா?" என்கிறார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தின நாள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் சாப்பாடு இறங்காது. ரிப்போர்ட் வந்த பிறகு சாப்பிடுகிறோம்.